புகையாத வண்டி

பிள்ளைகளா, போன வாரம் உங்களில் பெரியவன் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் படத்தை அனுப்பி, "அப்பா, இது எப்படி? வாங்கலாமா?" என்று கேட்டிருந்தான். பத்து வருஷத்துப் பழைய வண்டி. நடுத்தரமான என்ஜின், குனிந்து ஓட்டுகிற ஹேண்டில், பந்தயத்துக்குக் கிளம்புகிறவன் மாதிரி ஒரு முகம். படத்தைப் பார்த்து நான் என்ன சொல்ல? படத்தில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். கல்யாண ஆல்பத்தில் உங்கள் மாமாகூட அழகாகத்தான் இருக்கிறார்.

நான் பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது. இந்த ரக வண்டி ஒன்றே ஒன்றைத்தான் என் ஆயுசில் பார்த்து, 'வாங்கலாம்' என்று சொல்லியிருக்கிறேன். சொல்லி இரண்டு மணி நேரத்துக்குள் என் கல்யாணப் பேச்சு விக்கிரவாண்டிக்கு அருகே நடுரோட்டில் நின்றுபோனது. இந்தக் கதையை உங்கள் அம்மா நூறு தரம் சொல்லியிருப்பாள். ஆனால் எப்போதும் கடைசி ஐந்து நிமிஷத்தை மட்டும்தான் சொல்வாள், ஏனென்றால் அங்கேதான் அவள் பேசுகிறாள். அதனால் முழுக்கதையை நான் எழுதி வைக்கிறேன்.

எண்பத்தேழோ எண்பத்தெட்டோ. விழுப்புரத்தில், திருவெண்ணெய்நல்லூர் பஸ் போகிற ரோட்டில் எனக்கு ஒரு தகரக் கொட்டகை. எட்டாவது வரைக்கும் படிப்பு. அதற்கப்புறம் கிணற்று மேட்டில் தண்ணீர் இறைக்கிற டீசல் என்ஜின்களைப் பிரித்து மாட்டுகிற வேலை. சுற்றுவட்டாரத்தில் கரும்புக்கும் நெல்லுக்கும் ஓடுகிற என்ஜின்களில் பாதி என் கை பட்டவை. மீதிப் பாதி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன.

எனக்கு ஒரு வித்தை உண்டு. வேலை முடிந்ததும் என்ஜினை ஓட விட்டு, சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து ஒரு உதறு உதறுவேன். அதைப் புகைக்குழாயின் வாயில் கொஞ்ச நேரம் பிடிப்பேன். பிறகு சுற்றி நிற்கிற நாலு பக்கமும் திருப்பிக் காட்டுவேன். கறுப்புக் கறுப்பாகப் புகைந்தால் என்ஜின் டீசலை வீணாக்குகிறது, நீலமாகப் புகைந்தால் ஆயிலைக் குடிக்கிறது. துணி வெள்ளையாகவே இருந்தால் நல்ல என்ஜின். ஜனங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். கூலியைக் குறைத்துக் கேட்க வந்தவன்கூட கைக்குட்டையைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. டீசல் என்ஜினைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

உங்கள் தாத்தாவின் கிணற்று என்ஜினைச் சரி செய்யப் போன இடத்தில்தான் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். பிறகு எங்கள் வீட்டிலிருந்து முறையாகப் பெண் கேட்டுப் போனார்கள். தாத்தா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வானூரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வாத்தியாருக்கு மாசச் சம்பளம் உண்டு, நகம் சுத்தமாக இருக்கும். எனக்கு இரண்டும் கிடையாது.

அந்த நேரத்தில் உங்கள் மாமாவுக்கு வேகப் பித்து பிடித்திருந்தது. பாண்டிச்சேரி ரோட்டில் எவனோ ஒருவன் முந்நூற்றைம்பது சிசி வண்டியில் இவரைத் தாண்டிப் போயிருக்கிறான். இரண்டு சிலிண்டர், இரண்டு சைலன்சர், ஆறு கியர். அதிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. மாமா அதுவரை ஓட்டியது ஒரு டிராக்டரும் ஒரு மொபெட்டும்தான். ஆனால் கூலிங் கிளாஸை முன்கூட்டியே வாங்கிவிட்டார். கரும்பு வெட்டி ஆலைக்கு அனுப்பியதும், திண்டிவனத்தில் அந்த மாதிரி வண்டி ஒன்று விலைக்கு வந்திருப்பதாகத் தாத்தாவிடம் போய் நின்றார்.

தாத்தா சொன்னது இதுதான்: "வாங்கறதுன்னா வாங்கு. ஆனா அந்த மெக்கானிக்கு பையன இட்டுக்கினு போ. அவன் பாத்து நல்லதுன்னு சொன்னா நல்லது. அவன் என்ஜினு பாக்கற லட்சணத்த நானும் பாத்துக்கறேன். அப்புறம் பொண்ணு விஷயம் பேசலாம்."

வண்டியைப் பார்க்கப் போவது நான், என்னைப் பார்க்கப் போவது தாத்தா. புரிந்துகொண்டு தலையை நன்றாக வாரிக்கொண்டு கிளம்பினேன்.

காலை பஸ். ஜன்னல் சீட்டு மாமாவுக்கு, கூலிங் கிளாஸுக்குக் காற்று வேண்டுமே.

"அண்ணே, வறுத்த மல்லாட்டை விக்கிறான், வாங்கட்டுமா?" என்றேன்.

"இன்னான்னு கூப்ட்ட?"

"அண்ணேன்னு..."

"நான் உனுக்கு அண்ணன்னா எந்தங்கச்சி உனுக்கு இன்னா ஆவணும்? யோசிச்சிக் கூப்புடுப்பா."

"அப்ப மச்சான்னு..."

"அது வண்டியப் பாத்துட்டு."

அன்றைக்கு அதன் பிறகு 'ஏங்க', 'இதோங்க', 'பாருங்க' என்று எந்த முறையும் வைக்காமல் ஓட்டினேன். வறுத்த வேர்க்கடலையை மட்டும் அவர் முறை பார்க்காமல் தின்றார்.

வண்டி வைத்திருந்தவர் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மைக்செட் கடை நடத்துகிறவர். சாதாரணமாகப் பேசினாலே எதிர்த் தெருவில் எட்டிப் பார்ப்பார்கள், அப்படி ஒரு குரல். புனல் ஒலிபெருக்கிகளுக்கு நடுவே, பந்தல் துணி போர்த்தி வண்டி நின்றிருந்தது. துணியை ஒரே இழுப்பில் உருவினார்.

"வாங்க வாங்க! வண்டின்னா இது வண்டி! குயிலாப்பாளையத்துல ஒரு வெள்ளக்காரரு வச்சிக்கினு இருந்தது. அவரத் தவிர ஒரு கை பட்டதில்ல!"

அந்தக் காலத்தில் திண்டிவனத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவே வெள்ளைக்காரர் ஓட்டாத பழைய வண்டியே கிடையாது. விற்கிறவர்கள் சொன்னதையெல்லாம் நம்பினால், தியானம் செய்யவென்று கடல் தாண்டி வந்த அந்த வெள்ளைக்காரர்களுக்கு அதற்கு ஒரு நிமிஷம்கூட மிஞ்சியிருக்காது.

பெரியவனே, இனி சொல்வதைக் குறித்துக்கொள். முதல் வேலையாக என்ஜின் மேல் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. நாம் போவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த என்ஜின் கிளம்ப அடம் பிடிப்பதை மறைக்கிறான் என்று அர்த்தம். அடுத்தது, என்ஜினில் வெட்டியிருந்த எண்ணின் மேல் சாக்பீஸைத் தேய்த்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. பிறகு வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளித் தரையில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடி, முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்தேன். எங்கேயாவது மோதிச் சட்டம் வளைந்திருந்தால் அதில் தெரிந்துவிடும்.

"இன்னாப்பா, வந்த எடத்துல தூங்கிட்டியா?" என்றார் மாமா.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, செயின் ஓடுகிற பற்சக்கரத்தைக் காட்டினேன். பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து அரிவாள் மூக்கு மாதிரி இருந்தன. "செயினு செட்டு மாத்தணுங்க." முன் பக்கத்தை நாலு முறை அழுத்தி விட்டேன், ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கோடு விழுந்தது. "சீலு போயிருக்குதுங்க." வண்டியைத் தள்ளிப் பிரேக்கைப் பிடித்தேன். "இந்த வண்டி ஓடற ஓட்டத்துக்கு இந்த பிரேக்கு பத்தாதுங்க." நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல மைக்செட்காரரின் குரல் ஒவ்வொரு படியாக இறங்கியது. விலையும் கூடவே இறங்கியது. எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்துவிட்டார்கள். மாமா கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அதுவரைக்கும் நான் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் ஆபத்து.

சீட்டுக்குக் கீழே ஆயிலுக்கென்று தனி டேங்க் இருந்தது. மூடியைத் திறந்தேன். விளிம்பு வரைக்கும் ஆயில்.

"ஊத்தி எத்தினி நாளாச்சிங்க?"

"அது ஆச்சி ரெண்டு மாசம். ஒரு சொட்டு கொறையல!"

"பாத்தீங்களா, ஆயிலே குடிக்காத என்ஜினு," என்று மாமாவிடம் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது. தகரத்தைக் கிழிக்கிற மாதிரி சத்தம். கூட்டம் ஓரடி பின்வாங்கியது. நான் கைக்குட்டையை எடுத்து உதறினேன். இடது சைலன்சரில் பிடித்தேன், வலது சைலன்சரில் பிடித்தேன். பிறகு டீக்கடை பக்கம், பஸ் ஸ்டாண்டு பக்கம், மாமா பக்கம், மைக்செட் பக்கம் என்று நாலாபுறமும் காட்டினேன். சோப்பு விளம்பரத்துக்குக் கொடுக்கலாம், அப்படி ஒரு வெள்ளை.

"இந்த மாதிரி பாக்கற ஆளு இதுவரிக்கும் ஒருத்தரும் வந்ததில்லீங்க," என்றார் மைக்செட்காரர், முதல் முறையாக மெதுவான குரலில். அது புகழ்ச்சி என்று நினைத்தேன்.

"வாங்கலாங்க. அருமையான என்ஜினு," என்றேன்.

மாமா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "ஏறு மாப்ள!"

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எனக்குக் காது கேட்கவில்லை. காகிதத்தில் கையெழுத்துப் போட்டது, பெட்ரோல் போட்டது எல்லாம் ஏதோ மேகத்தில் நடந்தது. ரோட்டுக்கு வந்ததும் மாமா ஆக்சிலேட்டரைத் திருகினார். புளிய மரங்கள் எதிரே ஓடிவந்தன. மயிலம் கூட்ரோடு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. "அஞ்சி!" என்று கத்தினார் மாமா. "ஆறு!" கியரை எண்ணுகிறார் என்று புரிந்து அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

விக்கிரவாண்டிக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது, யாரோ தொண்டையைப் பிடித்த மாதிரி என்ஜின் ஒரு குரல் கொடுத்தது. பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. மாமா டிராக்டர் பழக்கத்தில் கிளட்ச் என்று நினைத்து இடது காலால் மிதித்தார், அங்கே இருந்தது கியர். தார் ரோட்டில் நீளமாகக் கறுப்புக் கோடு போட்டபடி வழுக்கிப் போய், ரோட்டோரம் காயப் போட்டிருந்த மல்லாட்டையின் நடுவில் உட்கார்ந்தோம். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. கூலிங் கிளாஸ்தான் போனது.

மல்லாட்டையைக் காவல் காத்துக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தோடு ஓடிவந்தார். "யோவ்! கண்ண எங்கய்யா வச்சிக்கினு வர்றீங்க? மல்லாட்டை ஒடைக்க மிசினா எடுத்துக்கினு வந்தீங்க? எழுந்திருங்கய்யா ஜல்தி!"

எழுந்து கிக்கரை மிதித்தேன். பாறையை மிதிப்பது போல் இருந்தது. உள்ளே பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஸ்க்ரூ டிரைவரால் பக்கத்து மூடியைக் கழற்றினேன். திண்டிவனத்தில் தரையில் படுத்துப் பார்த்த நான், இந்த மூடியைத் திறந்து பார்க்கவில்லை. டேங்கிலிருந்து ஆயில் பம்புக்கு வருகிற குழாயை மடக்கி, சைக்கிள் வால்டியூப் ரப்பரால் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். விளிம்பு வரை இருந்த ஆயில் ஏன் குறையவில்லை என்று அப்போது தெரிந்தது.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். அந்த வண்டியில் ஆயில், பெட்ரோலோடு சேர்ந்து உள்ளே போய், பிஸ்டனை வழவழப்பாக்கிவிட்டு, அதுவும் எரிந்து புகையாக வெளியே வர வேண்டும். கொஞ்சம் நீலப் புகை வந்தால்தான் ஆயில் போகிறது என்று அர்த்தம். மொபெட்டுக்குப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுகிறோமே, அது புகைகிறதே, உனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். தலைக்குத் தெரியும். கைக்குட்டையை உதறிய கைக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் ஆலையில் கரும்பை இறக்கிவிட்டு எங்கள் பக்கத்து டிராக்டர் ஒன்று வந்தது. திண்டிவனத்தில் ஏதோ வேலை முடித்துத் திரும்புகிறதாம். ஓட்டுகிறவர் மாமாவுக்குப் பழக்கம். மல்லாட்டை அம்மாவும் ஒரு கை கொடுத்தார், எங்களை அங்கிருந்து கிளப்ப வேண்டுமே. வண்டியைத் தூக்கிக் கரும்புச் சருகின் மேல் படுக்க வைத்தோம்.

"காலையில கரும்பு எறக்கினேன், இப்ப இரும்பு ஏத்திக்கினு போறேன்," என்றார் டிராக்டர்காரர். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார்.

டிரெய்லரில் வண்டிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மாமா. வால்டியூப்பைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் மைக்செட்காரரைத் திட்டினார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"இத பாரு. வழியில ஒரு கல்லு பட்டு என்ஜினு ஒடஞ்சி போச்சின்னு சொல்லிடலாம். நீ நல்லாத்தான் பாத்த, கல்லுக்கு நீ இன்னா பண்ணுவ? எனுக்கும் நல்லது, உனுக்கும் நல்லது."

நான் தலையாட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். விழுப்புரம் தாண்டித் தாத்தா வீட்டு வாசல் வரைக்கும் கல்லின் அளவு என்ன, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்றுகூட இருவரும் பேசி முடித்துவிட்டோம்.

வாசலில் ஊரே நின்றது. மாமா கல்லைப் பற்றி அழகாகச் சொன்னார். தாத்தா டிரெய்லரைச் சுற்றி வந்தார். பதினைந்து வருஷமாகக் கிணற்று என்ஜினோடு மல்லுக்கட்டுகிறவர்.

"கல்லு பட்டா வெளியில ஒரு கீறலாவது இருக்கணுமே. என்ஜினு எப்படி உள்ள புடிச்சிக்கும்?" மாமாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நீ சொல்லுப்பா."

வானூர் வாத்தியாரின் பத்து நகங்களும் கண் முன்னால் வந்தன. நானும் என் நகங்களைப் பார்த்தேன்.

"கல்லு இல்லீங்க. நான்தான் தப்பாப் பாத்துட்டேன். இந்த என்ஜினு பொகையணுங்க. பொகையல, அதனால நல்லதுன்னு சொல்லிட்டேன். கர்ச்சீப்பு புடிச்சிப் பாத்தேன், வெள்ளயா இருந்திச்சி."

மாமா என் காலை மிதித்தார், தாமதமாக.

அப்போதுதான் கதவோரத்திலிருந்து உங்கள் அம்மா, என்னைப் பார்க்காமல், தன் அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்: "ஏண்ணா, அடுப்புல பொகையே இல்லன்னா, அடுப்பே பத்தலன்னுதானே? அதுக்குப் போயி கர்ச்சீப்பு எதுக்கு?"

முதலில் சிரித்தது டிராக்டர்காரர். பிறகு ஊர். தாத்தா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. இதுதான் உங்கள் அம்மா சொல்கிற ஐந்து நிமிஷம். அதற்கப்புறம் தாத்தா சொன்னதை அவள் சொல்வதில்லை.

"தப்பு இன்னான்னு தெரிஞ்சிக்கினியா?"

"தெரிஞ்சிக்கினேங்க."

"அப்ப நீயே ரிப்பேர் பண்ணு. வளர்பொறையில வானூருக்காரங்க பொண்ணு பாக்க வர்றேன்னு சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள வண்டி கெளம்பிச்சின்னா வராதீங்கன்னு சொல்லி அனுப்பறேன். கெளம்பலன்னா அவங்க வருவாங்க."

மறுநாள் மாமாவும் நானும் திண்டிவனம் போனோம். மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டுதான் கடைக்குள் நுழைந்தார். மைக்செட்காரர் அசரவில்லை.

"ஒங்களுக்கு முன்னாடி அஞ்சி பேரு வந்தாங்க. அஞ்சும் பம்புசெட்டு வச்சிருக்கறவங்க. 'அய்ய, பொகையுதே'ன்னு போயிட்டாங்க. ஒருத்தரு மூக்கப் பொத்திக்கினு போனாரு. ஒரே பேஜாரு. அதான் பொகைய நிறுத்துன்னு ஆளு வச்சி நிறுத்தினேன். மெக்கானிக்கு வந்திருக்காரே, கண்டுபுடிச்சிடுவாருன்னு எனுக்கும் உள்ளுக்குள்ள ஒதறல்தான். அவரே துணியப் புடிச்சி ஊருக்கெல்லாம் காட்டி சர்ட்டிபிகேட்டு குடுத்துட்டாரு. நான் இன்னா பண்ணட்டும் சொல்லுங்க."

மாமா மடித்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. கடைசியில் மைக்செட்காரரே இறங்கி வந்தார். "சரி, ஒங்க தங்கச்சி கல்யாணத்துக்கு மைக்செட்டு, சீரியல் லைட்டு ரெண்டு நாளும் என்னுது. போதுமா?"

"மாப்ள யாருன்னே இன்னும் முடிவாவல," என்றார் மாமா.

வெள்ளைக்காரரின் வண்டியை விற்றவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரு வந்தாலும் பாட்டு ஒண்ணுதாங்க."

அதற்கப்புறம் நடந்தது வெறும் வேலை. இரண்டு சிலிண்டரையும் விழுப்புரத்தில் லேத்தில் கொடுத்துக் குடைந்து வாங்கினேன். புது அளவு பிஸ்டனுக்காகப் பாண்டிச்சேரியில் பழைய சாமான் கடைகளை மூன்று நாள் சலித்தேன். அதுவரை இரட்டை சிலிண்டரைத் திறந்ததே இல்லை, அதனால் கழற்றிய ஒவ்வொரு துண்டையும் சாக்குப் பையின் மேல் கழற்றிய வரிசையில் அடுக்கினேன். மாமா தினமும் வந்து டீசல் டிரம் மேல் உட்கார்ந்து, "வானூருல வாத்தியாரு புதுச் சட்ட தச்சிட்டாராம்," என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போவார். புது கூலிங் கிளாஸ் வாங்கியிருந்தார்.

பெரியவனே, உன் வண்டிக்கு வருகிறேன். பல்லைப் பார், ஃபோர்க்கைப் பார், எண்ணைப் பார், படுத்தும் பார். அதையெல்லாம் நான் சரியாகத்தான் பார்த்தேன். ஆனால் நமக்கு ரொம்பப் பிடித்த சோதனை ஒன்று இருக்குமே, ஜனங்கள் கூடி நின்று பார்க்கிற சோதனை, அதை மட்டும் இரண்டாவது தரம் செய். கழற்ற முடிகிற மூடியையெல்லாம் கழற்றச் சொல். விற்கிறவர் உன்னைப் புகழ்ந்தால் இன்னொரு மூடியையும் கழற்று.

வளர்பிறைக்கு இரண்டு நாள் இருந்தது. காலையில் மாமாவை ஸ்பார்க் பிளக் வாங்க அனுப்பினேன். பிளக் என்னிடம் இருந்தது, அவர்தான் அங்கே இருக்கக் கூடாது. கொட்டகைக் கதவைச் சாத்தினேன். வால்டியூப் கட்டியிருந்த இடத்தில் புதுக் குழாய், அதில் ஆயில் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. உதைத்தேன். ஐந்தாவது உதையில் கிளம்பியது. கொட்டகை முழுக்க நீலப் புகை. கண் எரிந்தது, இருமல் வந்தது. கைக்குட்டையை எடுத்து உதறி, இடது பக்கம் பிடித்தேன், வலது பக்கம் பிடித்தேன். கடுகு தாளித்த மாதிரி துணியெல்லாம் கறுப்புப் புள்ளி.

என்ஜினை நிறுத்தினேன். அங்கே ஒருத்தரும் இல்லை. கைக்குட்டையை இரண்டு கையாலும் விரித்து, டிரம் பக்கம், கதவுப் பக்கம், பிரித்துப் போட்ட டீசல் என்ஜின் பக்கம், சுவர்ப் பக்கம் என்று நாலாபுறமும் ஒரு தரம் காட்டினேன். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.